ஏழாம் நம்பர் பாகம்

கோயம்புத்தூருக்கு வடக்கே, மாவு அரைக்கும் கிரைண்டர் செய்கிற கம்பெனி ஒன்று உண்டு. அதில் பராமரிப்புப் பிரிவு என்று ஒரு பிரிவு. பிரிவில் நாலு பேர். நாலு பேரும் தங்கமானவர்கள். பொய் சொல்ல மாட்டார்கள், புறம் பேச மாட்டார்கள், ஒரு திருகாணியைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டார்கள். அவர்களிடம் இருந்த கோளாறு ஒன்றே ஒன்றுதான். சொன்னதை அப்படியே செய்வார்கள்.

இந்தக் கோளாறுக்காகக் கம்பெனி அவர்களுக்கு மூன்று வருடமாகத் தொடர்ந்து பரிசு கொடுத்து வந்தது.

நாலு பேரில் தலைவர் ஃபோர்மேன் சென்னியப்பன். முடிவெடுப்பது அவர் வேலை. ராக்கியப்பன் கண்ணாடி போட்டவர்; எந்தக் காகிதம் வந்தாலும் உரக்கப் படித்துக் காட்டுவது அவர் வேலை. பாவாத்தாளுக்குப் பிரிவின் ஒரே லேப்டாப்பைத் திறக்கவும் மூடவும் தெரியும். குழந்தைவேலு ஆறடி உயரம், கதவு மாதிரி தோள். தூக்குவதெல்லாம் அவன்.

அந்தக் கம்பெனியில் ஒரு ரோபோ இருந்தது. முகம் கிடையாது, கால் கிடையாது, பெரிய ஒற்றைக் கை மட்டும். ஒரு பெல்ட்டில் வரும் கிரைண்டர் கல்லைத் தூக்கும், அப்படியே திரும்பும், எதிர் பெல்ட்டில் வரும் பாத்திரத்துக்குள் இறக்கும். கையில் ஆறு மூட்டு. ஒவ்வொரு மூட்டுக்குள்ளும் பல்சக்கரங்கள். மூட்டுகளின் மேல் மஞ்சள் பெயிண்டில் ஒன்று முதல் ஆறு வரை நம்பர் போட்டிருந்தது. எல்லோரும் அதை ஒத்தக்கையன் என்பார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒத்தக்கையனுக்கு நடுக்கம் வந்தது. கல்லைத் தூக்கிப் பாதி திரும்பியதும், மழையில் நனைந்த நாய் போல உதறும். உள்ளே ஏதோ ஒரு பல்சக்கரம் தேய்ந்திருந்தது. எது என்று யாருக்கும் தெரியவில்லை. மேனேஜர் வந்தார், பார்த்தார், "கை ஆடாமப் பாத்துக்கங்க, சென்னியப்பன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாலு பேரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"பாத்துக்கச் சொன்னாருங்க. யாராச்சும் பக்கத்துல நின்னு பாக்கணும்" என்றார் ராக்கியப்பன்.

"பாத்தா நின்னுருமா?" என்று கேட்டாள் பாவாத்தாள்.

"நிக்கலீன்னா புடிச்சுக்கோணும்" என்றார் சென்னியப்பன். எல்லோரும் குழந்தைவேலுவைப் பார்த்தார்கள்.

அன்று முதல் குழந்தைவேலு இடது தோளைக் கைக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, அது இங்கிருந்து அங்கே திரும்பும்போது கூடவே நடந்தான். அங்கிருந்து இங்கே வரும்போது கூடவே திரும்பி வந்தான். எட்டு மணி நேரம். கை ஆடவில்லை.

ஒரே ஒரு சிக்கல். ரோபோவைச் சுற்றிக் கம்பி வேலி இருந்தது. வேலியில், "இயந்திரம் ஓடும்போது ஆட்கள் உள்ளே வரக் கூடாது" என்று பலகை இருந்தது. ராக்கியப்பன் அதை உரக்கப் படித்துவிட்டார். படித்தபின் சும்மா விட முடியாது.

"குழந்தைவேலு ஆளுங்களே" என்றாள் பாவாத்தாள்.

சென்னியப்பன் மோவாயைத் தடவினார். "உள்ள இருக்கறப்ப அவன் என்ன வேலை செய்யறான்?"

"கையைத் தாங்கறானுங்க."

"கையைத் தாங்கறது யாரோட வேலை?"

"மெஷினோடதுங்க."

"அப்ப உள்ள இருக்கற வரைக்கும் அவன் மெஷின். வெளியே வந்தா ஆளு."

குழந்தைவேலுவின் சட்டை முதுகில் அதே மஞ்சள் பெயிண்டால் ஏழு என்று போட்டார்கள். ரோபோவின் பாகப் பதிவேட்டில் ஆறாம் மூட்டுக்குக் கீழே எழுதினார்கள்: "பாகம் 7. தாங்கி. நிறம் மாநிறம். எடை எண்பத்திரண்டு கிலோ." அதற்குக் கீழே மேனேஜர் கையெழுத்துப் போட்டார். மேனேஜர் கையெழுத்துப் போடும் காகிதத்தைப் படிக்காதவர். படித்தால் சந்தேகம் வரும். சந்தேகம் வந்தால் கேட்க வேண்டும். கேட்டால் பதில் சொல்வார்கள்.

போன மாதம் ஏழாம் பாகத்துக்கு அத்தை மகள் கல்யாணம் வந்தது. மூன்று நாள் லீவு. அந்த மூன்று நாளில் கை பதினோரு பாத்திரங்களை நசுக்கியது.

அப்போதுதான் மேனேஜர் ஓர் இன்ஜினியரைக் கூட்டிவந்தார். இன்ஜினியர் கையில் தீப்பெட்டி அளவு சென்சார் ஒன்றும், அப்பளம் போல மெல்லிய தட்டு ஒன்றும் இருந்தன.

"மூட்டு மேல இந்தத் தட்டை ஒட்டிருவோங்க" என்றார் இன்ஜினியர். "தட்டோட ஓரம் பூரா நுணுக்கமா கீறல் இருக்கு. ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் சென்சார். மூட்டு திரும்பினா தட்டும் திரும்பும். வெளிச்சம் கீறல் வழியா விட்டு விட்டு வரும். பல்சக்கரம் நல்லா இருந்தா ஒரே சீரா வரும், திரையில கோடு நேராப் போகும். சக்கரம் தேஞ்சிருந்தா, அந்த இடம் வர்றப்பெல்லாம் தட்டு தடுமாறும், கோட்டுல குழி விழும். எதையும் பிரிச்சுப் பாக்க வேண்டியதில்லை."

நாலு பேரும் தலையாட்டினார்கள். இன்ஜினியருக்கு வேறு கம்பெனியில் வேலை இருந்தது. நாலே வரி அச்சடித்த ஒரு காகிதத்தைக் கொடுத்து, "இதுல இருக்கற மாதிரியே செஞ்சாப் போதும்" என்றார். அந்தப் பிரிவில் போய் அப்படிச் சொல்லக் கூடாது என்று அவரை யாரும் எச்சரிக்கவில்லை.

மேனேஜர் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். "வியாழக்கிழமை அஞ்சு மணிக்குள்ள எந்தப் பாகம் பழுதுன்னு தலைமை ஆபீசுக்குத் தெரிஞ்சாகணும். தெரியலீன்னா உங்க பிரிவை பேக்கிங்கோட சேத்தறதா இருக்காங்க."

பேக்கிங் பிரிவின் தலைவன் அங்கமுத்து. சென்னியப்பன் மனைவியின் தம்பி. நேற்றுவரை அவர் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவன். இனி அவனை "சார்" என்று கூப்பிட வேண்டும். லீவுக்கு அவனிடம் போய் நிற்க வேண்டும். அவன் விருந்துக்கு வீட்டுக்கு வந்தால் எழுந்து நிற்க வேண்டுமா என்பது பற்றிக் கம்பெனி விதிகளில் ஒன்றும் இல்லை. அதுதான் அவரை அதிகமாகப் பயமுறுத்தியது.

புதன்கிழமை காலை வேலை தொடங்கியது. ராக்கியப்பன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் வரியைப் படித்தார். "சென்சார் மேல் வேறு வெளிச்சம் எதுவும் படக் கூடாது."

ஷெட்டின் ஷட்டர்களை இறக்கினார்கள். டியூப்லைட்டுகளை அணைத்தார்கள். கூரையில் இருந்த கண்ணாடி ஓடுகளின் மேல் குழந்தைவேலு ஏறிச் சாக்கு விரித்தான். கும்மிருட்டு. அந்த இருட்டில் லேப்டாப் திரை மட்டும் நிலா மாதிரி காய்ந்தது.

"அது வேற வெளிச்சந்தானுங்களே" என்றது ராக்கியப்பனின் குரல்.

"மூடிரு பாவாத்தா" என்றது சென்னியப்பனின் குரல்.

பாவாத்தாள் லேப்டாப்பை மூடினாள். "கோடு தெரியலீங்கண்ணா."

"தெறந்து பாரு."

"தெறந்தா வெளிச்சம் வருதுங்கண்ணா."

சென்னியப்பன் முடிவெடுத்தார். லேப்டாப்பின் மேல் தார்ப்பாய் போட வேண்டும். பார்க்க ஆள் வேண்டும் என்பதால் பாவாத்தாள் மேலும் சேர்த்தே போட வேண்டும். அவள் உள்ளே இருந்து பார்த்துக் கத்த, ராக்கியப்பன் வெளியே இருந்து எழுதிக்கொள்ள வேண்டும். இருட்டில் ராக்கியப்பனுக்கு நோட்டு கண்ணுக்குத் தெரியாது என்பதை அப்போது யாரும் நினைக்கவில்லை. அன்று முழுவதும் அவர் எழுதியதெல்லாம் சட்டைக் கையிலும் பெல்ட் மேலும் இருந்தது பிறகுதான் தெரிந்தது.

இதற்கிடையில் இரண்டு கையும் வேண்டியிருந்ததால், ராக்கியப்பன் தன் டிபன் கேரியரை மேசை என்று தடவிப் பார்த்து ஓர் இடத்தில் வைத்தார். அது மேசை இல்லை, பெல்ட். ஒத்தக்கையனுக்கு வந்ததைத் தூக்கத் தெரியும், என்ன வந்தது என்று கேட்கத் தெரியாது. அந்த வகையில் அதுவும் அந்தப் பிரிவைச் சேர்ந்ததுதான்.

அரைமணி நேரத்தில் ஷட்டரை யாரோ தட்டினார்கள். அங்கமுத்து. கையில் பிரித்த அட்டைப்பெட்டி, அதற்குள் கிரைண்டர் பாத்திரத்தில் ராக்கியப்பனின் கேரியர்.

"மாமா, கிரைண்டர்ல கல்லு வரும்னு தெரியும். கொள்ளுப் பருப்பு எப்ப இருந்து வருது?"

சென்னியப்பன் கேரியரை வாங்கிக்கொண்டார்.

"இன்னும் ஒரு நாளுதான் மாமா. நம்ம பிரிவுக்கு வந்துட்டா இந்தக் கஷ்டமெல்லாம் இல்ல. சீட்டுல என்ன இருக்கோ அதைச் செய்யலாம். எங்க பிரிவுல நாங்க சீட்டைத் தாண்டி ஒரு ஆணி அடிச்சதில்ல."

"நாங்க மட்டும் அடிச்சமா, மாப்ள" என்றார் சென்னியப்பன். ஷட்டரை இறக்கினார்.

ராக்கியப்பன் அந்த ஒரு கணத்து வெளிச்சத்தில் இரண்டாவது வரியைப் படித்து முடித்திருந்தார். "ரோபோ தினமும் எப்படி ஓடுமோ அப்படியே ஓட்டவும். எதையும் மாற்றவோ நீக்கவோ கூடாது."

"தினமும் எப்படி ஓடுது?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"குழந்தைவேலுவோட ஓடுதுங்க."

"அப்ப அவன் உள்ள போகட்டும்."

குழந்தைவேலு ஏழாம் நம்பர் சட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளே போனான். தோளைக் கொடுத்தான். தட்டை முதல் மூட்டில் ஒட்டினார்கள். கை கல்லைத் தூக்கியது, திரும்பியது, இறக்கியது. எப்போதும் போல ஆடாமல் அசையாமல்.

"நேரா இருக்குதுங்கண்ணா" என்று தார்ப்பாய் சொன்னது.

இரண்டாம் மூட்டு. நேர். மூன்றாம் மூட்டு. நேர். வியாழக்கிழமை மதியத்துக்குள் ஆறு மூட்டும் முடிந்தது. ஆறு கோடும் அடிக்கோல் வைத்துப் போட்டது போல நேராக இருந்தன. பழுது எதிலும் இல்லை.

ஷட்டரைத் தூக்கிவிட்டு, சென்னியப்பன் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். மணி மூன்று. அஞ்சு மணிக்கு மேல் அவர் வாயிலிருந்து வரப்போகும் "சார்" என்ற சொல்லை ஒரு முறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"அண்ணா, இன்னும் ரெண்டு வரி இருக்குதுங்" என்றார் ராக்கியப்பன். மூன்றாவது, நாலாவது வரிகள் இப்படி இருந்தன: "கையோடு சேர்ந்து அசையும் பாகம் எதையும் விடாமல் சோதிக்கவும். குழி விழுவது எதுவோ அதுவே பழுதான பாகம்."

ராக்கியப்பன் பதிவேட்டை எடுத்தார். விரலை வைத்துக் கீழே இறங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, அஞ்சு, ஆறு. விரல் அதற்குக் கீழே வந்து நின்றது.

எல்லோரும் குழந்தைவேலுவைப் பார்த்தார்கள்.

ஷட்டரை மறுபடி இறக்கி, தட்டைச் சைக்கிள் டியூப் வைத்து அவன் இடது முழங்காலில் கட்டினார்கள். கை திரும்பியது. குழந்தைவேலு நடந்தான். தார்ப்பாய்க்குள் இருந்து பாவாத்தாள் வீறிட்டாள்.

"குழிங்கண்ணா. ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு குழி. கெணறு மாதிரி."

"ஒரு வாட்டி கபடி ஆடறப்ப விழுந்துட்டனுங்க" என்றான் குழந்தைவேலு. அவன் முகம் வாடிவிட்டது. "அப்ப ரெண்டு மாசமா கையை ஆட வெச்சது நாந்தானுங்களா?"

"மனசை விடாத. தேய்மானம் எல்லாப் பாகத்துக்கும் வர்றதுதான்" என்றார் சென்னியப்பன். அவர் குரலில் உயிர் வந்திருந்தது.

பாவாத்தாள் தார்ப்பாயை விலக்கித் தலையை நீட்டினாள். "அண்ணா, ஒண்ணு கேக்கட்டுங்களா? குழந்தைவேலு லீவுல போனப்பதான கை ஆடுச்சு? அவன் இருந்தப்ப ஆடலியே?"

பிரிவு தொடங்கிய நாளிலிருந்து அங்கே யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

சென்னியப்பன் ராக்கியப்பனைப் பார்த்தார். "அது காய்தத்துல இருக்குதா?"

ராக்கியப்பன் காகிதத்தை முன்னும் பின்னும் புரட்டினார். லேப்டாப் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தும் பார்த்தார். "இல்லீங்க."

"காய்தத்துல இல்லாததை எதுக்குப் பாவாத்தா கேக்கறே?"

பாவாத்தாளுக்கு வெட்கமாகப் போயிற்று. தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

எதற்கும் இருக்கட்டும் என்று இன்ஜினியருக்குப் போன் போட்டார்கள்.

"காய்தத்துல இருக்கற மாதிரியே செஞ்சீங்களா?" என்றார் அவர்.

"எழுத்துக்கு எழுத்துங்க."

"குழி விழுந்துச்சா?"

"ஏழாம் பாகத்துலீங்க. ஆழமா."

"இந்த ரோபோவுக்கு ஆறுதானே."

"எங்களுதுக்கு ஏழுங்க. பதிவேட்டுல மேனேஜர் கையெழுத்து இருக்குது."

இன்ஜினியர் கொஞ்சம் யோசித்தார். "புது மாடலா இருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நாலு மணி அம்பத்தஞ்சு நிமிஷத்துக்குத் தலைமை ஆபீசுக்குச் செய்தி போயிற்று: பழுதான பாகம், நம்பர் ஏழு. சென்னியப்பன் வெளியே வந்து, பேக்கிங் பிரிவு வாசல் வழியாக, தேவையே இல்லாமல், இரண்டு முறை நடந்தார்.

வெள்ளிக்கிழமை காலை சென்னைத் தலைமை ஆபீசிலிருந்து பதில் வந்தது. "ஏழாம் பாகத்தைக் கழற்றி, மரப்பெட்டியில் வைத்து, ஆய்வுக்கு அனுப்பவும்."

கழற்றுவது சுலபமாக இருந்தது. தோளைக் கைக்கு அடியிலிருந்து எடுக்கச் சொன்னார்கள், எடுத்துவிட்டான். பெட்டி அங்கமுத்துவின் பொறுப்பு. அவனும் வந்து சென்னையிலிருந்து வந்த சீட்டைப் பார்த்தான். சீல் இருந்தது. குழந்தைவேலுவைச் சுற்றி அளவெடுத்தான்.

"மூச்சு விடுமா?" என்று கேட்டான்.

"விடும்."

"அப்ப ஓட்டை போடோணும். எந்தப் பக்கம் மேலே?"

"தலை இருக்கற பக்கம்."

குழந்தைவேலுவுக்கு உள்ளூரச் சந்தோஷம். "மெட்ராஸ் பாத்ததே இல்லீங்கண்ணா."

"பெட்டிக்குள்ள இருந்து எப்படிப் பாப்பே?" என்றார் சென்னியப்பன்.

"கடல் வாசனையாச்சும் வருமுங்களே."

பெட்டியின் மேல் "ஈரம் படக் கூடாது" என்று அச்சடித்திருந்ததால், உள்ளே தண்ணீர் பாட்டில் வைக்கலாமா என்று முக்கால் மணி நேரம் பேசினார்கள். குடித்துவிட்டால் ஈரம் பெட்டியில் படாது, பாகத்துக்குள் போய்விடும் என்று ராக்கியப்பன் சொன்னது ஏற்கப்பட்டது. புளிச்சோறு நாலு பொட்டலமும் வைத்தார்கள். லாரி கிளம்பியது.

அடுத்த புதன்கிழமை கடிதம் வந்தது. ராக்கியப்பன் நின்றுகொண்டு படித்தார். மேனேஜர், அங்கமுத்து எல்லோரும் கூடியிருந்தார்கள்.

"பாகம் ஏழு சேதமில்லாமல் வந்து சேர்ந்தது. மூன்று நாள் சோதித்தோம். ஓசை குறைவு. பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் டீ கேட்கிறது. முழங்கால் தேய்மானம் உறுதி செய்யப்பட்டது. மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் கேன் ஏற்ற இங்கே பயன்படுவதால் பாகத்தைத் திருப்பி அனுப்பும் எண்ணம் இல்லை. மாற்றுப் பாகம் எங்களிடம் இருப்பில் இல்லை. அதே உயரமும் அதே எடையும் உள்ள ஒன்று, உங்கள் பேக்கிங் பிரிவில், அங்கமுத்து என்ற பெயரில் இருப்பதாகப் பணியாளர் பதிவேட்டிலிருந்து தெரிகிறது. அதைப் பராமரிப்புப் பிரிவின் உதிரிபாக இருப்பில் சேர்த்துக்கொள்ளவும். தலைவர் இல்லாத பேக்கிங் பிரிவைப் பராமரிப்புப் பிரிவே நடத்தவும்."

அங்கமுத்து கடிதத்தை வாங்கிப் பார்த்தான். அடியில் சீல் இருந்தது. அவனும் சீலுக்குக் கட்டுப்பட்டவன். சட்டையைக் கழற்றி முதுகில் ஏழு போடக் கொடுத்தான்.

"நெசமாவா மாமா" என்று மட்டும் கேட்டான்.

"மாமான்னு கூப்படாத மாப்ள. பாகத்துக்கு ஒறவு கெடையாது" என்றார் சென்னியப்பன். பதிவேட்டில் அவனுடைய நிறத்தை எழுதிக்கொண்டிருந்தார்.

ராக்கியப்பன் ரோபோவோடு வந்த பழைய புத்தகத்தைத் தேடி எடுத்து, புதுப் பாகம் பொருத்தும் பக்கத்தைப் படித்தார். "பொருத்துமுன் முழுவதும் எண்ணெய் தடவி, சுமையில்லாமல் எட்டு மணி நேரம் ஓட்டிப் பார்க்கவும்."

தலை முதல் கால் வரை எண்ணெய் பளபளக்க, கையில் ஒன்றும் இல்லாமல், அங்கமுத்து ஷெட்டைச் சுற்றி ஓடினான். இடது முழங்காலில் தட்டு. அவன் ஓட ஓட, ராக்கியப்பன் சென்சாரைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓட, தார்ப்பாய் போர்த்திய பாவாத்தாள் லேப்டாப்போடு பின்னாலேயே ஓடினாள். ஆறாவது சுற்றில் குழி விழுந்தது.

"இதுவும் பழுதுங்கண்ணா."

"கழட்டி அனுப்பிரலாம்" என்றார் சென்னியப்பன்.

அங்கமுத்து மூச்சு வாங்க நின்றான். "அனுப்புங்க. ஆனா பெட்டியை நாந்தான் செய்வேன். உங்காளுங்க அடிச்சா ஆணி கோணும்."

செய்தான். அருமையான பெட்டி. உள்ளே போய்ப் படுத்து, மூடியை அடிக்கச் சொன்னான். அடித்தார்கள். அதற்குப் பிறகு பேக்கிங் சீட்டை ராக்கியப்பன் படித்தார்: "பெட்டி செய்தவர் வெளிப்பக்கத்தைச் சுற்றிப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே அனுப்ப வேண்டும்." உள்ளே இருந்த அங்கமுத்துவுக்கும் அது கேட்டது. பன்னிரண்டு வருடத்தில் அவன் சுற்றிப் பார்க்காமல் ஒரு பெட்டியை அனுப்பியதில்லை. மூடியை உதைத்துப் பிளந்துகொண்டு வெளியே வந்தான். நாலு பக்கமும் பார்த்தான். "நல்லா இருக்குது" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். மூடி பிளந்த பெட்டியை ஏற்ற முடியாது என்று லாரிக்காரர் சொல்லிவிட்டார். புதுப் பெட்டி செய்ய அங்கமுத்து எழுந்து வந்தான்.

இதுவரை பதினாலு பெட்டி ஆகியிருக்கிறது. ஒத்தக்கையனை இப்போது எட்டாம் நம்பராக ராக்கியப்பனும் ஒன்பதாம் நம்பராகப் பாவாத்தாளும் ஆளுக்கொரு பக்கம் தாங்குகிறார்கள். சென்னியப்பன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு தடவை அங்கமுத்து, எண்ணெய் சொட்டச் சொட்ட, அவர் முன்னால் வந்து நின்று, "சார், ஆணி வேணுமுங்க" என்கிறான். அவரும் எழுந்திருக்காமலே எடுத்துக் கொடுக்கிறார்.